சுட்ட பெயின்ட், காய்ந்த பெயின்ட், ஒரு வேப்பமரம்

அப்பாவின் காருக்கு 23 வயது. மெரூன் நிறம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் துடைப்பது அவருக்குப் பூஜை மாதிரி. போன சித்திரையில் மதுரைக்குப் போயிருந்தபோது எங்கள் தெருவில் புதிதாகத் தார் ரோடு போட்டிருந்தார்கள். போட்ட அன்று சாயங்காலமே அப்பா மருந்து வாங்க அதே ரோட்டில் காரை ஓட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறார். சக்கரங்களுக்குப் பின்னால், கதவுகளின் அடிப்பாகம் முழுக்க, கடுகு தாளித்துக் கொட்டிய மாதிரி கறுப்புப் புள்ளிகள். அது போதாதென்று பானெட்டில் அங்கங்கே வேப்பம்பிசின் சொட்டிக் காய்ந்திருந்தது. வாசல் வேப்பமரத்தில் யாரோ ஒரு டியூஷன் விளம்பரத் தகட்டை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போக, அந்த ஆணிக்காயத்திலிருந்து வழிந்தது.

"நான் பாத்துக்கறேன்ப்பா" என்றேன். நானும் நாலு விஷயம் படிக்கிறவன், எழுதுகிறவன் இல்லையா. யூடியூபில் இரண்டு வீடியோ பார்த்தேன். ஹார்டுவேர் கடையில் அரை லிட்டர் தின்னர், கொஞ்சம் பனியன் வேஸ்ட் வாங்கி வந்தேன். பின் கதவில் ஆரம்பித்தேன். அற்புதமாக வேலை செய்தது. தொட்ட மாத்திரத்தில் தார் கரைந்து துணியில் வந்தது. அந்த உற்சாகத்தில் முன்பக்கம் இடது ஃபெண்டருக்குப் போனேன். அங்கேயும் துணியில் கறுப்பு வந்தது. கூடவே மெரூனும் வந்தது.

நிறுத்துவதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு பெயின்ட் கூழாகி, அடியிலிருந்த சாம்பல் நிற பிரைமர் தெரிந்துவிட்டது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். திட்டியிருந்தால் தேவலை. "விடுடா, பழைய வண்டிதானே" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

ஒரே கார், ஒரே தின்னர், ஒரே துணி. பின் கதவுக்கு ஒன்றும் ஆகாதது முன் ஃபெண்டருக்கு மட்டும் ஏன் ஆனது? அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வராததற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம். மறுநாள் பக்கத்து டிங்கரிங் கடை அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். ஃபெண்டரை விரலால் தட்டிப் பார்த்தார். "இது கம்பெனி பெயின்ட்டு இல்ல சார். எப்பவோ இடிச்சு, பட்டி பாத்து அடிச்சிருக்காங்க. அது சுட்ட பெயின்ட்டு, இது காஞ்ச பெயின்ட்டு. காஞ்சதுல தின்னரைப் போட்டா வராம என்ன செய்யும்?"

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ஷேர் ஆட்டோ உரசியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இந்த விஷயத்தைப் பற்றி அதற்கப்புறம் நிறையப் படித்துவிட்டேன். ஆனால் இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லிப் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் காருக்கு அடிக்கிற பெயின்ட்டை சுமார் 140 டிகிரி சூட்டில் அடுப்புக்குள் விட்டு எடுக்கிறார்கள். அந்தச் சூட்டில் பெயின்ட்டின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கை கோத்து, வலை மாதிரி பின்னிக்கொள்கின்றன. அதற்கப்புறம் எந்தக் கரைப்பானாலும் அதைத் திரும்பத் திரவமாக்க முடியாது. பச்சைச் செங்கல்லைத் தண்ணீரில் போட்டால் சேறாகிவிடும், சுட்ட செங்கல் அப்படியே கிடக்கும், அந்த மாதிரி. பழைய முறையில் கடைகளில் அடிக்கும் என்சி பெயின்ட், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட், பச்சைச் செங்கல். தின்னரில் கலந்து அடிக்கிறார்கள், தின்னர் ஆவியாகப் போனதும் காய்ந்துவிடுகிறது. மூலக்கூறுகளுக்குள் எந்தப் பின்னலும் நடப்பதில்லை. பத்து வருடம் கழித்தும் தின்னர் பட்டால் கரைந்துவிடும். இப்போது நல்ல டிங்கரிங் கடைகளில் ஹார்டனர் கலந்த டூ-கே பெயின்ட் அடிக்கிறார்கள். அது அடுப்பில்லாமலே ஓரளவுக்குப் பின்னிக்கொள்ளும். உங்கள் காரில் அடித்தது எது என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்வது கஷ்டம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

அதனால் எந்தத் திரவமாக இருந்தாலும், முதலில் கதவைத் திறந்தால் தெரிகிற உள் ஓரத்திலோ, பம்பருக்குக் கீழேயோ ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் தொட்டுத் தடவிப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்தத் திரவம் அந்த இடத்துக்கு ஆகாது. ஒரு பாகத்தில் பார்த்தது மற்ற பாகத்துக்குச் செல்லாது என்பதற்கு எங்கள் வீட்டு ஃபெண்டரே சாட்சி. ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

சுட்ட பெயின்ட் என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா என்றால், அதுவும் இல்லை. இப்போதைய கார்களில் தகட்டுக்கு மேலே துரு பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாகக் கண்ணாடி மாதிரி ஒரு க்ளியர் கோட். எல்லாம் சேர்த்தே ஏறக்குறைய 100 முதல் 130 மைக்ரான். ஜெராக்ஸ் எடுக்கிற ஏ4 தாள் ஒன்றின் கனம் சுமார் 100 மைக்ரான். அதாவது நாம் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிற பளபளப்பு மொத்தமும் ஒரு தாள் கனம்தான். அதில் க்ளியர் கோட் மட்டும் 40 மைக்ரான் சுமாருக்கு இருக்கும், தலைமுடியை விட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்குவது இந்தப் படலம்தான். இதில் கறை பட்டால், அதைக் கரைத்தும் எடுக்கலாம், தேய்த்தும் எடுக்கலாம். ஸ்க்ரப்பர், பிளேடு, நகம், கடையில் போடுகிற காம்பவுண்ட் எல்லாம் தேய்க்கிற கட்சி. தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்த 40-லிருந்து கொஞ்சம் குறைகிறது, திரும்ப வளர்வதில்லை. அதனால் கரைத்து எடுக்க என்னென்ன உண்டோ அத்தனையும் முயன்று தோற்ற பிறகுதான் தேய்ப்பதைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

தார் எளிதான கேஸ். நாம் தார் என்று சொல்வது இன்றைய ரோடுகளில் பிட்டுமன். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், கெரசின், டீசல் எல்லாவற்றையும் பிரித்து எடுத்த பிறகு அடியில் தங்குகிற மண்டி. ஒரே வயிற்றில் பிறந்தவை என்பதால் கெரசினிலும் டீசலிலும் அது சுலபமாகக் கரையும். தின்னர் தேவையே இல்லை. கெரசின் இப்போது கிடைப்பது குறைந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் பெயின்ட்டர்கள் வாங்குகிற டர்பன்டைன் அதே வேலையைச் செய்யும். பெட்ரோல் வேண்டாம். பெயின்ட்டைப் பற்றிய கவலையால் மட்டும் சொல்லவில்லை. பெட்ரோல் எந்தக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகிற பொருள், அதன் ஆவி காற்றை விடக் கனமாகத் தரையோடு பரவும். எங்கள் வாசலில் தண்ணீர் மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், போதும் என்று விட்டுவிட்டேன்.

எதுவுமே கிடைக்காவிட்டால் தேங்காயெண்ணெய் போதும். சின்ன வயதில் ரோடு போடுகிற இடத்தில் செருப்பில்லாமல் ஓடிக் காலில் தார் அப்பியபோது அம்மா எதைத் தேய்த்தார்? அதேதான். கெரசினைப் போல வேகம் இருக்காது, கால் மணி நேரம் ஊற வேண்டும். ஆனால் அதனால் கெடுகிற பெயின்ட் கிடையாது.

முறை முக்கியம். வெயிலில் நிற்கிற காரில் செய்யாதீர்கள். ரோட்டுக்குப் போடுகிற பிட்டுமன் 50 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் அடர் நிறக் காரின் தகடு அதைத் தாண்டிக் கொதிக்கும். அப்போது துடைத்தால் புள்ளி வராது, கோடாக இழுத்துக்கொண்டு போகும். நிழலில், தகடு ஆறிய பிறகு, முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஏனென்றால் தார்ப்புள்ளி தனியாக வருவதில்லை, கூடவே சல்லித்தூளையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட கதைதான். பிறகு பஞ்சையோ டிஷ்யூவையோ கெரசினில் நனைத்துப் புள்ளியின் மேல் ஒட்டி வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் பழுப்பாகக் கண்ணீர் வழியும். அப்போது ஒற்றி எடுங்கள். துணியின் அழுக்குப் பக்கத்தை மடித்து, சுத்தமான பக்கத்தால் அடுத்த புள்ளி. முடிந்ததும் கார் ஷாம்பூ போட்டுக் கழுவிவிடுங்கள். கெரசினின் எண்ணெய்ப்பசை நின்றால் தூசியெல்லாம் அதில் வந்து உட்காரும். கதவைச் சுற்றியிருக்கிற ரப்பர் பீடிங்கில் கெரசின் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரப்பர் அதைக் குடித்து உப்பிவிடும்.

புது ரோட்டில் இன்னொரு சமாசாரம். சூடான தார்க்கலவையைக் கொட்டுவதற்கு முன்னால், அடியில் ஒட்டுவதற்காகப் பழுப்பாக ஒன்றைத் தெளிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அது தண்ணீரில் கலந்த பிட்டுமன். தண்ணீர் பிரிந்து போனதும் கறுப்பாக மாறும். பழுப்பாக இருக்கும்போதே வண்டியில் தெறித்தால் வெறும் தண்ணீரிலேயே கழுவிவிடலாம். கறுத்த பிறகு அது தார்தான்.

இப்போது பிசினுக்கு வருகிறேன். நான் இரண்டாவது தடவை முட்டாளானது இங்கேதான்.

ஃபெண்டரில் பட்ட அவமானத்துக்குப் பிறகு ஜாக்கிரதையாகி, ஆங்கிலத் தளங்களில் உட்கார்ந்து படித்தேன். மரப்பிசினுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள். வாங்கி, முறையாக ஓரத்தில் சோதித்து, பானெட்டில் இருந்த வேப்பம்பிசின் மேல் பஞ்சில் வைத்துக் காத்திருந்தேன். பஞ்சை எடுத்தால் பிசின் வெள்ளையாகி, முன்பை விட இறுகிப்போயிருந்தது. இதற்குள் அப்பா பின்னால் வந்து நின்றிருந்தார்.

"அதுல என்னடா ஊத்துற?"

சொன்னேன்.

"வேப்பம்பிசினுக்கு எதுக்குடா இதெல்லாம்? தண்ணியில ஊறப்போட்டு நாங்க புத்தகமே ஒட்டியிருக்கோம்."

உள்ளே போய்ப் பழைய டர்க்கித் துண்டு ஒன்றை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து பானெட்டில் விரித்தார். இருபது நிமிடம் கழித்து எடுத்தபோது பிசின் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரு கீறல் இல்லை.

தமிழில் பிசின் என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். வேதியியலில் அவை முற்றிலும் வேறு வேறு சாதிகள். வேம்பு, கருவேலம் போன்ற மரங்களில் வடிவது கோந்து. சர்க்கரை மூலக்கூறுகள் நீளச் சங்கிலியாகக் கோத்தது. தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் கரையாது. கரையாதது மட்டுமில்லை, ஆல்கஹால் அதிலிருக்கிற ஈரத்தையும் உறிஞ்சி இன்னும் இறுக்கிவிடும். நான் செய்தது அதைத்தான். அந்த ஆங்கிலத் தளங்களில் பொய் எழுதவில்லை. அவர்கள் ஊரில் காரின் மேல் சொட்டுவது பெரும்பாலும் பைன் மரத்து ரெசின். அது குங்கிலியத்தின் சாதி. தண்ணீரில் எவ்வளவு நேரம் போட்டாலும் அசையாது, ஆல்கஹாலில் கரையும். ரேடியோ ரிப்பேர் கடையில் சால்டரிங் வைக்கும்போது புகைகிறதே ரோசின், அது பைன் பிசினிலிருந்து எடுப்பது. போர்டில் படிந்த அந்தப் பிசுக்கை அவர்கள் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைத்துத்தான் துடைப்பார்கள். கொடைக்கானலில் பைன் மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர்களுக்கு அந்த ஆங்கில அறிவுரை அப்படியே பொருந்தும். மதுரை வேப்பமரத்தடிக்குப் பொருந்தாது. பைன் பிசின் புதிதாக இருக்கும்போது அதில் டர்பன்டைன் எண்ணெய் இருக்கிறது. அது ஆவியாகப் போகப் போக மிச்சம் கண்ணாடி மாதிரி இறுகும். ஆகவே ஊர் திரும்பும் வரை காத்திருக்காமல் அங்கேயே பார்த்துவிடுவது நல்லது. கொரோனா காலத்தில் வாங்கிய ஜெல் சானிடைசர் எந்த வீட்டிலும் ஒரு பாட்டிலாவது மிச்சம் கிடக்கும். அதுவும் பெரும்பங்கு ஆல்கஹால்தான். ஜெல் என்பதால் ஓடாமல் பிசின் மேலேயே நிற்கும், சட்டென்று ஆவியாகாது. ஆனால் கடையில் அடித்த என்சி பெயின்ட்டை ஆல்கஹாலும் இளக்கக்கூடும். ஓரத்தில் சோதிப்பதை மறக்காதீர்கள்.

கோந்துகளிலும் சில முழுக்கக் கரையாது, ஊதிக்கொண்டு போகும். ஜிகர்தண்டாவுக்குப் பாதாம் பிசின் ஊறவைத்தவர்களுக்கு இது தெரியும். ராத்திரி போட்டது காலையில் பாத்திரம் நிறையக் கூழாக நிற்கும். காரைப் பொறுத்தவரை அதுவும் நல்லதுதான். ஊதினால் பிடி விட்டுவிடும், வழித்தெடுத்துவிடலாம். அவசரம்தான் ஆகாது. துண்டு காயக் காய வெந்நீர் தெளித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவது சாதி பால். ஆல், அரசு, பலா. வடிந்த உடனே என்றால் தண்ணீரில் கழுவலாம். காய்ந்துவிட்டால் ரப்பர் மாதிரி இழுக்கும், தண்ணீரும் ஆல்கஹாலும் அதனிடம் செல்லாது. பலாப்பழம் வெட்டுவதற்கு முன்னால் கையிலும் கத்தியிலும் எதைத் தடவிக்கொள்கிறோம்? காருக்கும் அதே எண்ணெய்தான். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவானாலும் தடவி ஊறவிட்டு, விரல் நுனியால் உருட்டி எடுத்துவிட்டு ஷாம்பூ போடலாம்.

தூங்குமூஞ்சி மரத்தடியிலும், பூத்திருக்கும் மாமரத்தடியிலும் நிறுத்தினால் கார் முழுக்க மெல்லிய பிசுபிசுப்பாகப் படிகிறதே, அது பிசினே இல்லை. மரத்தின் சாற்றை உறிஞ்சுகிற தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி வகையறாக்கள் வெளியேற்றுகிற சர்க்கரைத் தண்ணீர். நாகரிகமாகத் தேன்துளி என்பார்கள், பூச்சியின் கழிவுதான். தண்ணீரிலேயே போய்விடும். கழுவாமல் விட்டால் அதன்மேல் கரும்பூசணம் பிடிக்கும், அப்போது வேலை கூடும்.

எந்த மரத்தடியில் நின்றது என்று நினைவில்லையா? ஒரு சொட்டுத் தண்ணீரைக் கறையின் மேல் விட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். விரல் நுனியால் தொட்டால் வழுக்கினாலோ ஊதியிருந்தாலோ கோந்து, வெந்நீர்த் துண்டு போதும். மாற்றமே இல்லையென்றால் அந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு சானிடைசர். பிசுபிசுவென்று இளகினால் ரெசின். இரண்டுக்கும் அசையாமல் ரப்பர் மாதிரி இழுத்தால் எண்ணெய். தின்னருக்கு இந்த வரிசையில் வேலையே இல்லை. முக்கியமாக ஹெட்லைட்டில் அது படவே கூடாது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் இப்போதைய ஹெட்லைட்டுகள் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். தின்னர் பட்டால் மங்கிப்போய், உள்ளுக்குள் நரம்பு நரம்பாக விரிசல் விடும். நிஜக் கண்ணாடியான முன் கண்ணாடியில் மட்டும், நன்றாக நனைத்துவிட்டுப் பிளேடால் சுரண்டலாம்.

கரைத்து எடுத்த இடத்தில் மெழுகுப் பூச்சும் சேர்ந்து போயிருக்கும். அங்கே கொஞ்சம் கார் வேக்ஸ் போட்டுவிடுங்கள், அடுத்த முறை ஒட்டுவது அவ்வளவு பிடிமானமாக இருக்காது.

ஃபெண்டரைத் திரும்ப பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது என்று அப்பா மறுத்துவிட்டார். டிங்கரிங் அண்ணன் பிரைமர் தெரிந்த இடத்தில் துரு ஏறாமலிருக்க ஒரு டச்சப் மட்டும் செய்து கொடுத்தார், நிறம் ஒரு மாற்றுக் குறைவு. போன மாதம் ஊருக்குப் போனபோது கொல்லைப்புற அலமாரியில் ஒரு பழைய டர்க்கித் துண்டும், பக்கத்தில் இருமல் மருந்து பாட்டில் ஒன்றில் கெரசினும் இருந்தன. பாட்டிலில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "தாருக்கு மட்டும். இடது ஃபெண்டரில் போடக் கூடாது."

உண்மையில் என்சி பெயின்ட் கெரசினில் கரையாது. நான் அவரிடம் சொல்லவில்லை.